கடிதங்களுக்காகக் கடலில் மறைந்தவர்

1936-ம் வருஷம் டிசம்பர் மாதம் 7-ந் தேதி. பொழுது இன்னும் புலரவில்லை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள டாக்கர் துறைமுகத்தில் நான்கு எஞ்சின்கள் பூட்டிய பெரிய கடல் விமானம் ஒன்று, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பிற்று. அதற்குத் 'தென் சிலுவை' என்று பெயர். தென் திசை வானத்தில் மாலுமிகளுக்கு வழி காட்டும் நட்சத்திரக் கூட்டத்தின் பெயர் அது. விமானத்தில் பிரயாணிகள் யாரும் இல்லை. ஐந்து சிப்பந்திகளும் தபால் மூட்டைகளும்தான். போகவேண்டிய இடம் அட்லாண்டிக் மகா சமுத்திரத்துக்கு அப்பால், பிரேஸில் நாட்டிலுள்ள நத்தால் நகரம்.

புறப்பட்ட விமானம் சிறிது நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. பின்புறத்து வலது எஞ்சினின் சுழல்விசிறியில் ஏதோ கோளாறு. விமானத் தலைவர் வேறு விமானம் இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை. பழுது பார்ப்பவர்கள் வந்தார்கள். தங்களால் ஆனதைச் செய்தார்கள். இதற்குள் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தபாலுக்குத் தாமதம் ஆகிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணி சுமாருக்கு விமானம் மறுபடியும் கிளம்பியது.

அந்த விமானத் தலைவரின் பெயர் ழான் மெர்மோஸ். இன்னும் இரண்டு நாள் கழிந்தால் அவருக்கு 35 வயது பூர்த்தியாகும். அட்லாண்டிக்கை அதற்கு முன் 23 தடவை தாண்டியவர். பிரான்ஸ் தேசத்தில் அவர் பெயர் தெரியாத பள்ளிக்கூடத்துப் பையன் கிடையாது.

அன்று அவர் என்ன ஆனார் என்பதைப் பார்ப்பதற்கு முன், அவர் அங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்பதைப் பார்ப்போம். அது ஒரு மனிதரின் கதை மட்டும் அல்ல. உலகத்தில் வேறெங்கும் காணாத ஒரு விமானக் கம்பெனியின் கதையும்கூட.

விலாசம் எழுதிய வாலிபர்

வடக்குப் பிரான்ஸில் ஓபான்தோன் என்ற சிற்றூரில் 1901-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி மெர்மோஸ் பிறந்தார். தாயும் தகப்பனாரும் ஒத்து வாழவில்லை. குழந்தையைப் பாட்டியும் பாட்டனாரும் வளர்த்தார்கள். தாயார் கப்ரியேல் உழைத்துச் சம்பாதித்தாள். முதல் உலக யுத்தம் மூண்டதும் ஜெர்மானியப் படை அந்தப் பிரதேசத்தைப் பிடித்துக்கொண்டது. தாயும் பிள்ளையும் வெகு காலம் பிரிந்திருக்க நேர்ந்தது. ஒருவர் உயிரோடிருக்கிறாரா என்பதை மற்றவர் அறிவதற்கு ஒரு கடிதத்தைத் தவிர வேறு கதி இல்லாத காலம் அது. பிற்காலத்தில் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் மெர்மோஸ் தாயாருக்குக் கடிதம் எழுதத் தவறியதில்லை. அந்தப் பழக்கத்தின் வேர் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது போலும்.

படிப்பில் அவர் பிரமாதமாகப் பிரகாசிக்கவில்லை. பள்ளி இறுதிப் பரீட்சையில் தவறினார். 1920-ல் சேனையில் சேர்ந்தார். மறு வருஷமே விமானி ஆனார். பிறகு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சிரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பாலைவனத்துக்கு மேலே பறக்கக் கற்றுக்கொண்டார். ஒரு தடவை எஞ்சின் கெட்டு மணலில் இறங்கி, கால்நடையாகவே நடந்து உயிர் பிழைத்தார்.

1924-ல் சேனையை விட்டு வெளியே வந்தார். விமானிகளுக்கு வேலை கிடைக்காத சமயம். யுத்தம் முடிந்து வீடு திரும்பிய விமானிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அறுநூறு மணி நேரம் பறந்த வாலிபர் பாரிஸ் நகரத்தின் மலிவான விடுதிகளில் படுத்து எழுந்தார். மோட்டார் கார்களைக் கழுவினார். இரவுக் காவல் இருந்தார். கடித உறைகளின்மேல் விலாசம் எழுதிக் கொடுத்தார். எத்தனையோ நாள் அரை வயிறுதான்.

இந்த விலாசம் எழுதும் வேலையை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. அந்த உறைகளுக்குள் இருக்கும் கடிதங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவருடைய தலைவிதி என்பது அப்போது அவருக்கே தெரியாது.

விசித்திரமான கம்பெனி

ஆகாயத் தபால் என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. உலகத்திலேயே முதன்முதலாக அதிகார பூர்வமான ஆகாயத் தபால் பறந்தது அலகாபாத்தில்தான். 1911-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி அங்கிருந்து சுமார் 6,000 கடிதங்கள் யமுனைக்கு அக்கரையிலுள்ள நைனிக்கு விமானத்தில் சென்றன. ஓட்டியவர் ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர். தூரம் பத்துக் கிலோமீட்டர்தான் இருக்கும். வேடிக்கை போல நடந்த காரியம்.

அந்த வேடிக்கையைக் கண்டம் விட்டுக் கண்டம் போகும் தொழிலாக மாற்ற முனைந்தவர் பியேர் லத்தேகோயேர். துலூஸ் நகரத்தில் ரயில் பெட்டிகளும், யுத்த காலத்தில் ஆகாய விமானங்களும் செய்த முதலாளி. யுத்தம் ஓய்ந்த 1918-ம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் தினத்தன்று துலூஸிலிருந்து பார்ஸிலோனாவுக்குத் தாமே விமானத்தில் சென்றார். 1919 மார்ச்சில் மொராக்கோவில் போய் இறங்கி, அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரி லியோத்தேயிடம் முந்தைய நாள் பத்திரிகையைக் கொடுத்தார். அவருடைய மனைவிக்கு வாடாத வயலெட் மலர்களைக் கொடுத்தார். அத்தனை தூரத்துக்குச் செய்தித்தாளும் பூவும் பழையதாகாமல் வந்து சேர்ந்த அதிசயத்துக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? அவ்வருஷமே தபால் போக்குவரத்து தொடங்கிவிட்டது.

கம்பெனியின் விமானங்கள் யுத்தத்தில் மீந்துபோன பழைய 'பிரெகே' ரகம். மேலே கூரை இல்லை. மழை, வெயில், மணல் எல்லாம் விமானியின் முகத்தில்தான். ரேடியோ கிடையாது. எஞ்சின் எப்போது நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பிரயாணிகளை நம்பி நடந்த கம்பெனி அல்ல அது. கடிதங்களை நம்பி நடந்தது.

இத்தனைக்கும் ஒரே ஒரு சட்டம் இருந்தது. தபால் போய்ச் சேர வேண்டும். அதுவும் குறித்த காலத்தில் போய்ச் சேர வேண்டும். மழை என்று சொல்லக் கூடாது. மூடுபனி என்று சொல்லக் கூடாது. இந்தச் சட்டத்தை உருக்கு மனத்தோடு அமல் நடத்தியவர் துலூஸில் நிர்வாகியாக இருந்த திதியே தோரா. நேரம் தவறிய விமானிக்கு அபராதம் விதிப்பார். காரணம் நியாயமானதாக இருந்தாலும் கேட்கமாட்டார்.

வித்தை காட்டியவர் கற்ற பாடம்

1924 அக்டோபரில் மெர்மோஸ் துலூஸ் போய்ச் சேர்ந்தார். உடனே விமானம் கிடைத்துவிடும் என்று எண்ணினார். கிடைத்ததோ எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த எஞ்சின் பாகங்களைக் கழுவும் வேலை. புதிதாக வந்த விமானி எவராயினும் முதலில் பட்டறையில் கை கறுக்க உழைக்க வேண்டும் என்பது தோராவின் ஏற்பாடு.

ஒரு நாள் பரீட்சைப் பறப்புக்கு அழைப்பு வந்தது. தம் திறமையைக் காட்ட இதுதான் சமயம் என்று மெர்மோஸ் நினைத்தார். வானத்தில் ஏறிக் குட்டிக்கரணம் போட்டார், சுழன்றார், சரிந்தார். சேனையில் கற்ற வித்தைகளை எல்லாம் அவிழ்த்துவிட்டார். இறங்கி வந்து பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

தோராவின் முகத்தில் சிரிப்பு இல்லை. இங்கே சர்க்கஸ்காரர்களுக்கு இடம் கிடையாது என்ற பொருளில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டார். மெர்மோஸுக்கு ரத்தம் கொதித்தது. மூட்டையைக் கட்டப் போனார். ஆனால் தோரா அவரைப் போகவிடவில்லை. மறுபடியும் ஏறிச் சாதாரணமாக ஒரு வட்டம் அடித்து இறங்கும்படி சொன்னார். இந்தத் தடவை மெர்மோஸ், வண்டிக்காரன் பாரம் ஏற்றிய வண்டியை ஓட்டுவது போல நிதானமாக ஓட்டிக் காட்டினார். வேலை கிடைத்துவிட்டது.

கைதட்டல் வாங்குவதற்கும் கடமையைச் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்று அவர் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் செய்த சாகஸங்கள் எல்லாம் உலகத்தை வாய் பிளக்க வைத்தன. ஆனால் அவற்றில் ஒன்றாவது வேடிக்கைக்காகச் செய்ததல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தபால் மூட்டை இருந்தது.

மணல் கடலில்

முதலில் ஸ்பெயின் மார்க்கம். 1926-ல் காஸாபிளாங்காவிலிருந்து டாக்கர் வரை செல்லும் மார்க்கம். வரைபடத்தில் பார்த்தால் கடற்கரை ஓரமாகப் போகும் நேர் கோடுதான். ஆனால் அந்தக் கரை ஸஹாரா பாலைவனத்தின் கரை. ஜூபி முனை, வில்லா ஸிஸ்னேரோஸ் என்ற இரண்டு ஸ்பானியக் கோட்டைகளை விட்டால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒதுங்க இடம் இல்லை. உள்ளே நடமாடிய நாடோடி மூர் இனத்தார் அன்னியரை அங்கே விரும்பவில்லை. தங்கள் மண்ணுக்குமேல் கேட்காமல் பறந்தவர்கள் தங்கள் மண்ணிலே விழுந்தால் விடுவார்களா? சுடுவார்கள், அல்லது பிடித்து வைத்துக்கொண்டு மீட்புப் பணம் கேட்பார்கள்.

ஆகவே விமானங்கள் இரண்டிரண்டாகப் பறந்தன. ஒன்று விழுந்தால் மற்றது இறங்கித் தூக்கிக்கொள்ள வேண்டும். பேச்சு வார்த்தைக்கு உதவியாக மூர் இனத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் கூட வருவார்.

1926 மே மாதத்தில் மெர்மோஸ் எஞ்சின் கோளாறினால் மணலில் இறங்கினார். நாடோடிகள் கையில் அகப்பட்டார். மீட்புப் பணம் கொடுத்த பிறகு உயிரோடு திரும்பினார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே வருஷம் நவம்பரில் கூர்ப், எராப்ல், பிந்தாதோ என்ற மூன்று தோழர்கள் அந்த மணலில் அகப்பட்டு உயிர் இழந்தார்கள். மறு நாள் தபால் நிற்கவில்லை. வேறு விமானிகள் அதே வழியில் புறப்பட்டார்கள்.

இந்தக் கூட்டத்தில்தான் மெர்மோஸுக்கு இரண்டு உயிர்த் தோழர்கள் வாய்த்தார்கள். ஒருவர் ஆன்ரி கியோமே. மற்றவர் செந்த் எக்சுபெரி. 'குட்டி இளவரசன்' என்று தமிழிலும் வந்திருக்கும் புகழ் பெற்ற கதையை எழுதியவர் இவர்தான். அந்தக் கதையில் பாலைவனத்தில் விமானம் பழுதாகி நிற்கிறது அல்லவா? அந்தப் பாலைவனத்தின் மணல் இந்தத் தபால் மார்க்கத்தில் அவர் காலில் ஒட்டிய மணல்தான்.

இருட்டை வென்றது

1927-ல் கம்பெனி கை மாறிற்று. தென் அமெரிக்காவில் பெருந்தொழில் நடத்திய மார்ஸெல் பூயூ-லாஃபோன் அதை வாங்கினார். 'ஏரோபோஸ்தால்' என்ற பெயர் வந்தது. பிரான்ஸிலிருந்து ஆர்ஜென்டினா வரை ஒரே தபால் மார்க்கம் அமைப்பது அவருடைய கனவு. தென் அமெரிக்கப் பகுதிக்குத் தலைமை விமானியாக மெர்மோஸ் போனார். 1928 மார்ச்சில் மார்க்கம் திறக்கப்பட்டது. துலூஸிலிருந்து டாக்கர் வரை விமானம். அங்கிருந்து நத்தால் வரை வேகக் கப்பல். நத்தாலிலிருந்து ப்யூனஸ் அயர்ஸ் வரை மறுபடியும் விமானம்.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பகலில் விமானம் வேகமாகப் போகிறது. இரவில் அது கொட்டகையில் தூங்குகிறது. கப்பலும் ரயிலும் தூங்குவதில்லை. பகலில் முந்தியதை இரவில் இழந்தால் விமானத்தால் என்ன லாபம்? தபால் இரவிலும் பறக்க வேண்டும். வேறு வழி இல்லை.

அந்நாளில் இரவில் பறப்பது தற்கொலை என்று அனுபவசாலிகளே கருதினார்கள். வழியில் விளக்கு இல்லை. ரேடியோவின் உதவி இல்லை. இறங்கும் மைதானத்தில் நெருப்பு மூட்டி வைப்பார்கள். அதைக் கண்டுபிடித்து இறங்க வேண்டும். மெர்மோஸ் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. 1928 ஏப்ரலில் தாமே முதலில் இருட்டில் கிளம்பினார். விடிந்ததும் சேதம் இல்லாமல் வந்து சேர்ந்தார். அவர் போய் வந்த பிறகு மற்றவர்களுக்கு மறுக்க வாய் வரவில்லை. செந்த் எக்சுபெரி 1931-ல் வெளியிட்ட 'இரவுப் பறப்பு' என்ற நாவல் இந்த மார்க்கத்தைப் பற்றியதுதான்.

ஆண்டிஸ் மலையின் மேல் மூன்று இரவுகள்

அடுத்த தடை ஆண்டிஸ் மலைத் தொடர். ஆர்ஜென்டினாவுக்கும் சிலி நாட்டுக்கும் நடுவே அது சுவர் எழுப்பியது போல நிற்கிறது. அதன் சிகரங்களுள் ஒன்றான அக்கோன்காகுவாவின் உயரம் 6,961 மீட்டர். மெர்மோஸின் விமானமோ 4,500 மீட்டருக்கு மேல் ஏறத் திணறும். சுவருக்கு மேலே போக முடியாது. சுவரில் எங்கே சந்து இருக்கிறது என்று தேட வேண்டும்.

1929 மார்ச் மாதம். விமானத்தில் லா வோல் பிரபு என்ற முதியவரும், அலெக்ஸாந்தர் கொல்லெனோ என்ற மெக்கானிக்கும் இருந்தார்கள். மலை நடுவே எஞ்சின் நின்றது. மெர்மோஸ் ஒரு சரிவில் இறங்கினார். விமானம் நிற்காமல் பள்ளத்தை நோக்கி உருள ஆரம்பித்தது. உடனே வெளியே குதித்து, தம் உடம்பையே முட்டுக் கொடுத்து நிறுத்தினார். கொல்லெனோ எஞ்சினைப் பழுது பார்த்தார். மறுபடியும் பறந்தார்கள்.

அடுத்த சில நாட்களிலேயே அதைவிடப் பெரிய சோதனை வந்தது. வேறு ஒரு கணவாயைத் தேடி மெர்மோஸும் கொல்லெனோவும் புறப்பட்டார்கள். மேல் நோக்கி வீசிய காற்றில் ஏறிச் சிகரத்தைத் தாண்டிவிடலாம் என்பது யோசனை. தாண்டிய மாத்திரத்தில் கீழ்நோக்கி வீசிய காற்று விமானத்தை அப்படியே அறைந்து, சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் ஒரு பாறைத் திட்டின் மேல் போட்டது. சுற்றிலும் அதல பாதாளம். சக்கரங்கள் முறிந்தன. எஞ்சினில் தண்ணீர்க் குழாய்கள் குளிரில் வெடித்தன. சாப்பாடு மிகக் கொஞ்சம். கீழே நடந்து இறங்க வழி இல்லை.

கொல்லெனோ மனம் தளரவில்லை. துணி, தோல், கம்பி என்று கையில் கிடைத்ததை எல்லாம் சுற்றி ஓட்டைகளை அடைத்தார். மெர்மோஸ் உதவியாளாக நின்று எடுத்துக் கொடுத்தார். விமானத்திலிருந்து கழற்றக் கூடிய பாரத்தை எல்லாம் கழற்றி எறிந்தார்கள். காற்றுக்கூட மெல்லியதாக இருந்த அந்த உயரத்தில், இரண்டே பேர், விமானத்தை அங்குலம் அங்குலமாகத் திட்டின் உச்சிக்குத் தள்ளினார்கள். மூன்று இரவுகள் கழிந்தன.

நான்காவது நாள் விமானத்தைச் சரிவில் ஓடவிட்டார்கள். அது பறந்தது என்று சொல்ல முடியாது. பாறைக்குப் பாறை குதித்தது. ஒவ்வொரு விளிம்பிலும் தொட்டுத் தொட்டு எழும்பி, கடைசியில் பாதாளத்தில் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் இறக்கைகளுக்குக் காற்றுப் பிடித்தது. கட்டுகள் அவிழ்ந்து எஞ்சினிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சிலி நாட்டுச் சமவெளியில் வந்து இறங்கினார்கள்.

அந்த வருஷம் ஜூலை மாதம் ஆண்டிஸைத் தாண்டித் தபால் ஓட ஆரம்பித்துவிட்டது. மறு வருஷம் ஜூன் மாதத்தில் அதே மலையில் கியோமே பனிப்புயலில் விழுந்தார். அவர் ஐந்து நாள் பனியில் நடந்து உயிர் பிழைத்தது தனிக் கதை.

சமுத்திரத்தைத் தாண்டியது

இனி மிஞ்சியது அட்லாண்டிக் ஒன்றுதான். தபாலில் அதிக நாள் விழுங்கியது டாக்கருக்கும் நத்தாலுக்கும் இடையே ஓடிய கப்பல். அங்கேயும் விமானம் பறந்தால்தான் சங்கிலி பூர்த்தியாகும்.

மெர்மோஸ் கடல் விமானம் ஓட்டப் புதிதாகப் பயிற்சி பெற்று, அதற்கென்று தனி அனுமதியும் வாங்கினார். 1930 ஏப்ரலில் பிரான்ஸிலேயே வட்டம் சுற்றி, 30 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் 4,300 கிலோமீட்டர் பறந்து விமானத்தைச் சோதித்துப் பார்த்தார். அந்த மாதத்தில்தான் ஆண்டிஸில் அவரோடு வந்த லா வோல் பிரபு அமெரிக்காவில் ஒரு விமான விபத்தில் மாண்டார். அவருடைய பெயரையே சமுத்திரம் தாண்டும் விமானத்துக்கு வைத்தார்கள்.

1930 மே 12-ந் தேதி காலை ஆப்பிரிக்காவின் சேன்-லூயி நகரத்திலிருந்து புறப்பட்டார். வழி கணிக்கத் தாப்ரி, ரேடியோவுக்கு ழிமியே, நூறு கிலோவுக்கு மேல் தபால். பூமத்திய ரேகைக்கு அருகே காற்றும் மழையும் குழம்பிக் கிடக்கும் ஒரு பிரதேசம் உண்டு. பிரெஞ்சு மாலுமிகள் அதைக் 'கரும்பானை' என்று அழைப்பார்கள். இரவு நேரத்தில் விமானம் அதற்குள் நுழைந்தது. மேகத்திலிருந்து கடல் வரை கறுத்த நீர்த்தூண்கள் நின்றன. ஒரு பெரிய கோவிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் நுழைந்தது போல, அந்தத் தூண்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனார் மெர்மோஸ். சுமார் 21 மணி நேரம் பறந்து மே 13-ந் தேதி நத்தாலில் இறங்கினார். தென் அட்லாண்டிக்கை முதன்முதலாகத் தபால் விமானம் தாண்டிவிட்டது. பாரிஸில் ஒரு வியாபாரி எழுதிய பில்லும், ஒரு தாயார் மகனுக்கு எழுதிய விசாரிப்பும் வாரக் கணக்குப் போய் நாள் கணக்கில் கைக்குக் கிடைத்தன.

திரும்புகாலில் எண்ணெய் ஒழுகிற்று. ஜூலை மாதத்தில் நடுக்கடலில், கம்பெனியின் கப்பல் ஒன்றின் பக்கத்தில் இறங்க நேர்ந்தது. கடல் கொந்தளிப்பிலும் தபாலைக் கப்பலில் ஏற்றினார்கள். ஆட்களும் பிழைத்தார்கள். விமானம் மூழ்கிவிட்டது. மூன்று பொருளில் எது போனாலும் பரவாயில்லை என்று கம்பெனி கருதியதோ, அது மட்டும் போயிற்று.

அவ்வருஷம் ஆகஸ்டில், ஆர்ஜென்டினாவில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண் ழில்பெர்த்தை மெர்மோஸ் மணந்தார்.

புகழும் புழுக்கமும்

1931-ல் ஏரோபோஸ்தால் கம்பெனி கடனில் மூழ்கித் திவாலாயிற்று. அரசியல் சச்சரவுகளும் சேர்ந்துகொண்டன. இரண்டு வருஷம் கழித்து அதன் மார்க்கங்கள் புதிதாக அமைந்த 'ஏர் பிரான்ஸ்' கம்பெனியில் கலந்தன. 1933 ஜனவரியில் 'வானவில்' என்ற மூன்று எஞ்சின் விமானத்தில் பதினான்கரை மணி நேரத்துக்குள் மெர்மோஸ் அட்லாண்டிக்கைத் தாண்டினார். பத்திரிகைகள் அவரைத் தேவதூதர் என்று வருணித்தன. நல்ல உயரம், அகன்ற தோள், அழகிய முகம். வருணனையில் குற்றம் இல்லை.

ஆனால் அவர் மனத்தில் நிம்மதி இல்லை. தோழர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த மார்க்கத்தில் உயிர் இழந்தவர்கள் மொத்தம் நூற்றுக்கு மேல். நல்ல விமானங்கள் கொடுங்கள், பழைய விமானங்களில் ஆட்களை அனுப்பாதீர்கள் என்று மேலிடத்தில் அவர் ஓயாமல் வாதாடினார். அரசாங்கத்தின்மேல் ஏற்பட்ட கசப்பில் வலதுசாரி அரசியல் பக்கம் சாய்ந்து, 1936-ல் கர்னல் லா ரோக்கின் கட்சிக்கு உபதலைவரும் ஆனார். அவருடைய அபிமானிகளிலேயே பலருக்கு இது பிடிக்கவில்லை. விமானத்தில் காட்டிய தெளிவை மேடையில் அவர் காட்டவில்லை என்று சொன்னால் தவறாகாது.

1936 பிப்ரவரியில் பேரிடி விழுந்தது. 'ப்யூனஸ் அயர்ஸ் நகரம்' என்ற கடல் விமானம் அட்லாண்டிக்கில் மறைந்தது. அதில் போனவர்களில் கொல்லெனோவும் ஒருவர். ஆண்டிஸ் மலையில் துணியும் கம்பியும் சுற்றி மெர்மோஸின் உயிரைக் காப்பாற்றிய கொல்லெனோ!

கடைசிச் செய்தி

இப்போது டிசம்பர் 7-ந் தேதிக் காலைக்குத் திரும்புவோம்.

பழுது பார்த்த 'தென் சிலுவை' மறுபடியும் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. மெர்மோஸோடு பிஷொது, எஸான், க்ருவேயே, லாவிதாலி என்ற நால்வர். ரேடியோவில் ஒழுங்காகச் செய்தி வந்துகொண்டிருந்தது. காலை 10 மணி 47 நிமிஷத்துக்குச் சுருக்கமாக ஒரு செய்தி வந்தது. பின்புறத்து வலது எஞ்சினை நிறுத்துகிறோம் என்பதே அதன் பொருள். காலையில் தகராறு செய்த அதே எஞ்சின். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கப்பல்களும் விமானங்களும் தேடின. ஒரு துண்டுகூட அகப்படவில்லை. சுழல்விசிறி பிய்த்துக்கொண்டு போய் விமானத்தின் வாலை வெட்டியிருக்க வேண்டும் என்று நிபுணர்கள் ஊகித்தார்கள்.

நல்ல விமானம் வேண்டும் என்று வருஷக் கணக்கில் வாதாடியவர், அன்று நல்ல விமானம் இல்லாதபோது, இருந்ததில் ஏறிப் போனார். ஏன் போனார்? காத்திருந்தால் யார் கேட்பார்கள்? இந்தக் கேள்வியை அன்றே பலர் கேட்டார்கள். காகிதத்துக்காக ஐந்து உயிரா என்று கேட்டவர்களும் உண்டு.

கேள்வி நியாயமானது. பழுதான எஞ்சினோடு ஐந்து பேரை அனுப்பிய ஏற்பாட்டை யாரும் சரி என்று சொல்ல முடியாது. மெர்மோஸே அதைச் சரி என்று சொன்னவர் அல்லர். ஆனால் ஒன்றை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதைச் சுமப்பவனுக்குத் தெரியாது. வெறும் விலைப் பட்டியலாக இருக்கலாம். சாகக் கிடக்கும் தகப்பனார் மகனை வரச் சொல்லும் கடிதமாகவும் இருக்கலாம். தெரியாததனால்தான் எல்லாக் கடிதத்தையும் அந்தக் கடைசிக் கடிதமாகவே எண்ணி அவர்கள் சுமந்தார்கள். முன்பின் அறியாதவர்களின் காரியத்தைத் தன் காரியமாக எண்ணுவது என்றால் அதுதான். இன்று ஒரு விரலைத் தட்டினால் செய்தி சமுத்திரம் தாண்டுகிறது. தாண்டுவதற்கு ஒருவரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அது நம்முடைய பாக்கியம். ஆனால் அந்தப் பாக்கியத்துக்கு முன்னால் பாதை போட்டவர்களை மறப்பது நன்றியாகாது.

கியோமே 1940-ல் மத்திய தரைக்கடலின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டார். செந்த் எக்சுபெரி 1944-ல் அதே கடலில் மறைந்தார். மூன்று தோழர்களுக்கும் கடலே சமாதியாயிற்று.

மெர்மோஸ் இறந்த மறு வருஷம், 1937-ல், பிரெஞ்சு அரசாங்கம் அவர் நினைவாகத் தபால் தலைகள் வெளியிட்டது. வயிற்றுப் பாட்டுக்காகக் கடித உறைகளில் விலாசம் எழுதிய அந்த வாலிபரின் முகம், அதே உறைகளின் மூலையில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிற்று. தபாலுக்காக வாழ்ந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான ஞாபகச் சின்னம் வேறு என்ன இருக்க முடியும்?